ஏழாவது குழாய்

கருங்கல் சந்தைக்கு எதிரே, மாடியில், எங்கள் லேப்.
ஏழரைக்கே ஆறு பேர் வந்துவிட்டார்கள், ஆறும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள்.
எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ், முந்நூறு மில்லி தண்ணீர்.
ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும்.
பிறகு இரண்டு மணி நேரம்
அலையக் கூடாது, ஓங்கரித்துத் துப்பிவிடவும் கூடாது.
"கொஞ்சம் நாரங்கா பிழிஞ்சு தரப்பிடாதாக்கா?"
நித்திரவிளை சுபஜா கேட்டாள்.
பிழிந்து கொடுத்தேன்.

ஏழாவது தம்ளரை
பிரிட்ஜுக்குப் பின்னால் நின்று நான் குடித்தேன்.
இருபத்தாறு வாரம்.
வெள்ளைக் கோட்டின் நடுப் பொத்தான்
துளையைப் பார்த்தே நாளாயிற்று.

ஆனி மழை. நிற்கத் தெரியாத மழை.
கீழே மீன்காரி, சாளை, சாளை என்று விளிக்கிறாள்.
குமட்டலை விழுங்கிக்கொண்டு
குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன்.
ஏழாவதில் எண் மட்டும்.

நஞ்சுக்கொடி என்று ஏன் பெயர் வைத்தார்களோ.
அதற்குள் நஞ்சில்லை, பசிதான் இருக்கிறது.
அது ஒரு ஹார்மோனைச் சுரந்து
அம்மையின் சதையிடம் சொல்லி அனுப்புகிறது:
இன்சுலின் வந்து கூப்பிட்டால்
கேளாதது போல் இரு.
நீ தின்னாமல் விட்டதில்தான்
எனக்கு வளர வேண்டும்.

மாமியார் அடுக்களையில் இருந்து நாலு தடவை கூப்பிட
நான் துணி மடித்துக்கொண்டே இருப்பேனே,
அந்த மாதிரி
உடம்பு முழுக்க லட்சம் காதுகள்
வேலை இருப்பதாகப் பாவிக்கின்றன.
கணையம் தொண்டை கட்டக் கத்துகிறது.
இது நோயில்லை, எல்லாத் தாய்க்கும் உள்ளதுதான்.
கத்திக் கத்திக் குரல் போய்விட்டால்தான் நோய்.
அப்போது சர்க்கரை
வாசல் வாசலாக நின்றுவிட்டு
கொடி வழியே உள்ளே போகும்.
அங்கே இன்னொரு கணையம்,
ஒரு பயறளவு வருமோ என்னவோ,
பிறக்கும் முன்பே ஓவர்டைம் பார்க்கும்.

கிளீட்டஸ் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
படகுகளுக்குத் துரு சுரண்டுகிறார்.
ராத்திரி சட்டையை உதறினால்
சிமெண்டுத் தரையில் சிவப்புப் பொடி.
"துருன்னா என்னதுன்னு நெனச்ச?
இரும்பு எரியுதுட்டீ.
தீ தெரியாம, மெதுவா."

செல்லுக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது.
விறகு கூடினால் பொறி கூடும்.
பொறியை அணைக்க ஆட்கள் உண்டு,
எண்ணிக்கை உண்டு, களைப்பும் உண்டு.
முதல் பத்து வாரம்
மூச்சுக்காற்றுகூட அதிகம் படாமல்
பிள்ளையை ஒளித்து வைக்கிறது கர்ப்பப்பை.
உயிர் தருகிற காற்றே சுடும் என்று
அதற்கு யார் சொன்னது?
எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி கடலில் இருந்து ரெண்டு பர்லாங்.
வருஷத்துக்கு ஒரு பெயிண்ட்.
எனக்குள்ளே யார் பெயிண்ட் அடிப்பது?

ஒன்பதே முக்கால்.
ஆறு கைகளில் குத்தினேன். வலிக்கவில்லை என்றார்கள்.
என் கையில் நானே குத்தியபோது
நரம்பு இரண்டு தடவை வழுக்கிற்று.

சுபஜா நூற்றுப் பதினெட்டு.
தேங்காப்பட்டணம் நபீஸா நூற்று நான்கு.
மற்றவர்களும் நூற்று நாற்பதுக்குக் கீழே.
ஏழு, நூற்று அறுபத்து மூன்று.
கன்ட்ரோல் ஓட்டிப் பார்த்தேன், மெஷினில் கோளாறில்லை.
மறுபடியும் ஏழு. நூற்று அறுபத்து மூன்று.
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
பயப்பட ஒண்ணுமில்ல, டாக்டரைப் பாருங்க.
எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன்.

லேபிளில் பெயர் எழுதினேன்.
ரோஸ்பின், வயது இருபத்தொன்பது.

மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தில்
மரச்சீனியும் மீன்கறியும்.
கறியை மட்டும் தின்றேன்.
வராந்தாவில் நின்று போன் போட்டேன்.
அந்தப் பக்கம் கிரைண்டர் இரைகிறது.
"என்னது?"
சொன்னேன்.
"கேக்கல்ல, சத்தமாச் சொல்லு."
நூத்தி அறுபத்து மூணு என்றேன்.
"என்னதுட்டீ?"
இன்னும் சத்தமாகச் சொன்னேன்.
கீழே மழையில் மீன்காரி
கூடையை மூடப் போனவள்
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.